பழைய ஃபிளேக்: மடிப்பதா, உதிர்ப்பதா, நறுக்குவதா?

பத்துப் பன்னிரண்டு வருடம் திறக்காமல் வைத்திருந்த, ஃபிளேக் என்ற பைப் புகையிலை டப்பா ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 50 கிராம். பைப்பில் புகையிலை போடும் கிண்ணத்துக்கு ஒரு தடவை இரண்டரை, மூன்று கிராம் என்று போட்டால் பதினேழிலிருந்து இருபது தடவைதான் வரும். அதற்குள் அந்தப் புகையிலைக்கு எந்த முறை பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தீர்ந்துவிட்டால் அதே வயதில் இன்னொரு டப்பா எளிதில் அகப்படாது. புதுப் புகையிலையில் எதையும் செய்து பார்க்கலாம், சரியாக வராவிட்டால் அடுத்த வாரம் வேறு மாதிரி செய்யலாம். பழைய ஃபிளேக்கில் அந்த வசதி இல்லை. மடிப்பதா, கசக்கி உதிர்ப்பதா, நறுக்குவதா என்ற கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைப் புகையும் புகைதான். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் அது வழி வைக்கும், நிக்கோட்டின் பழக்கமும் பிடித்துக்கொள்ளும். இது ஏற்கெனவே பைப் பிடிக்கும் பெரியவர்களுக்காக எழுதியது. இதைப் படித்துவிட்டுப் புதிதாக யாரும் தொடங்க வேண்டாம்.

ஃபிளேக் என்றால், இலைகளை அடுக்கிக் கனமான அழுத்தத்தில், பல சமயம் சூடும் சேர்த்து, ஒரே கட்டியாக இறுக்கி, அப்புறம் மெல்லிய பட்டைகளாகச் சீவியது. எல்லா ஊர் ஃபிளேக்கும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கெண்டல் இதற்குப் பேர்போன சிறு நகரம். அங்கிருந்து வந்த, சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக் தடிமனானது, கருத்தது, டப்பாவைத் திறக்கும்போதே கையில் ஈரம் ஒட்டும். டென்மார்க்கின் ஸ்வென்போர்கில் தொடங்கிய மேக் பேரன் நிறுவனத்தின் ஃபிளேக்குகள் மெலிதாகவும் ஒரே அளவாகவும் இருக்கும், ஈரமும் குறைவு. ஜெர்சி தீவில் ஜெர்மெய்ன் நிறுவனம் செய்யும் ஸ்டோன்ஹேவன் நீளநீளமான ஈரப் பட்டைகள். எஸ்கூடோ வட்ட வில்லைகளாக வரும். நம் ஊரில் சிகரெட் பெட்டியில் பார்த்துப் பழகிய வில்ஸ், கேப்ஸ்டன் என்ற பெயர்களும் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் குடும்பம் இப்படி அழுத்திச் சீவிய பைப் புகையிலையை விற்ற காலத்தோடு தொடர்புடையவைதான்.

வயதாகும்போது நன்றாக மாறுவது முக்கியமாக வர்ஜீனியா இலை. அதில் இயற்கையாகவே சர்க்கரை அதிகம். மூடிய டப்பாவுக்குள் இருக்கும் கொஞ்சம் காற்றிலும் ஈரத்திலும் அது மெதுவாக மாறிக்கொண்டே போகும். புதிதில் தெரியும் வைக்கோல் வாசமும் காரமும் அடங்கி, உலர்ந்த அத்தி, திராட்சை, சுட்ட ரொட்டி மாதிரியான வாசனைகள் மேலே வரும். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்க வைக்கும் பெரிக் இலை சேர்ந்த ஃபிளேக்குகளும் வருடக்கணக்கில் நன்றாகப் பழுக்கும். புகை போட்டு உலர்த்தும் லடாக்கியா இலை சேர்ந்தவற்றில் புகைவாசம் காலப்போக்கில் மங்கிவிடும், அங்கே வயதை எண்ணிக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

டப்பாவைத் திறந்ததும் செய்யவேண்டியது பார்ப்பதும் முகர்வதும்தான். பழைய வர்ஜீனியாவின் மேல் வெள்ளையாக மினுமினுக்கும் துகள்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். பைப் பிடிப்பவர்கள் அதைச் சர்க்கரைப் படிகம் என்று சொல்லி மகிழ்வார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அது மின்னும். பூசணம் மின்னாது. அது பஞ்சாக, நூல்நூலாக, சில இடங்களில் பச்சையோ சாம்பல் நிறமோ கலந்து தெரியும், ஈரச் சுவர் வாடை அடிக்கும். பூசணம் என்று உறுதியானால் மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் புகைக்கலாம் என்று யோசிக்காதீர்கள், டப்பாவையே தூக்கிப் போடுங்கள். எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. லேசான காடி வாசனை அடித்தால் அது வேறு விஷயம். வர்ஜீனியாவில் அது சாதாரணம், திறந்து வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இனி ஈரம். எந்த முறை சிறந்தது என்று வாதாடுபவர்கள் பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. ஈரமான புகையிலை தானாக எரியாது. முதலில் அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாக வேண்டும். கங்கு அணையாமல் இருக்க நாம் வேகமாக இழுப்போம், வேகமாக இழுத்தால் சூடு ஏறும், அந்தச் சூட்டில் வரும் நீராவிதான் நாக்கைப் பொசுக்குகிறது. எரியும்போது புகையிலையே கொஞ்சம் தண்ணீரை உண்டாக்குகிறது என்பதால், ஏற்கெனவே ஈரமாக இருப்பது இரட்டிப்புத் தொல்லை. கிண்ணத்தின் அடியில் களகளவென்று சத்தம் வருவதும், கடைசிக் கால்பங்கு கசப்பதும் இதன் விளைவுதான். சுமார் 12 முதல் 14 சதவீத ஈரம் புகைக்க வசதி என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. கெண்டல் ஃபிளேக்குகள் டப்பாவிலிருந்து வரும்போது அதைவிட நிறைய ஈரத்தோடு இருக்கும். வருடங்கள் போனாலும், டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்திருந்தால் அந்த ஈரம் அப்படியே இருக்கும். வயதாகிவிட்டது, அதனால் உலர்ந்திருக்கும் என்று நினைப்பது தவறு.

கருவி எதுவும் வேண்டாம். ஒரு பட்டையை எடுத்து வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்து, விரலில் ஒட்டினால் இன்னும் ஈரம். வளைந்து, ஓரங்களில் லேசாகப் பிரிந்தால் மடிப்பதற்குச் சரியான பதம். டக்கென்று ஒடிந்தால் அதிகம் உலர்ந்துவிட்டது. உதிர்த்த புகையிலையாக இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம், மெதுவாக விரிந்தால் பதம், நொறுங்கினால் காய்ந்தது.

காய வைப்பதிலும் தேர்வுகள் உண்டு. மைக்ரோவேவில் பத்து விநாடி வைப்பவர்கள் இருக்கிறார்கள், மேசை விளக்கின் அடியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் புகையிலைக்கு விளக்கு பரவாயில்லை. பழைய ஃபிளேக்குக்கு இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் இத்தனை வருடம் காத்திருந்தது அந்த நுண்ணிய வாசனைகளுக்காக, சூட்டில் முதலில் கிளம்பிப் போவதும் அவைதான். வெறும் வெள்ளைத் தாளில் பட்டைகளைத் தனித்தனியாகப் பரப்பி, அறையின் காற்றிலேயே விடுவதுதான் நல்லது. மெல்லிய டேனிஷ் ஃபிளேக்குக்கு அரை மணி நேரம் போதலாம், தடித்த கெண்டல் ஃபிளேக்குக்கு இரவு முழுவதும் ஆகலாம்.

சென்னை போன்ற ஊரில் இருப்பவர்கள் இந்த நேரக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. புகையிலை சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி தன் ஈரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே எண்பது சதவீத ஈரப்பதம் இருக்கும்போது, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் அது பதத்துக்கு வராது, உலர்ந்த புகையிலைகூட ஈரம் பிடித்துவிடும். ஏசி ஓடும் அறையில் வைத்தால் வேலை நடக்கும், ஆனால் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மாறாக, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட டொராண்டோ வீட்டில் இரவு முழுவதும் விட்டால் காலையில் நொறுங்கும். இணையத்தில் படிக்கும் ‘இருபது நிமிடம்’ என்ற அறிவுரை யார் ஊரில், எந்தப் பருவத்தில் சொன்னது என்று தெரியாமல் பயன்படாது. நேரத்தைப் பார்க்காமல் விரலைக் கேளுங்கள்.

இப்போது முறைகள்.

மடித்துத் திணிப்பதுதான் ஃபிளேக்குக்கென்றே உள்ள மரபான வழி. ஒரு பட்டையையோ ஒன்றரையையோ நீளவாக்கில் மடித்து, குறுக்கே பாதியாக மடக்கி, லேசாக முறுக்கி, மடிப்பு கீழே போகும்படி கிண்ணத்தில் இறக்குவார்கள். மேலே கொஞ்சம் உதிர்த்த தூளைப் பரப்பினால் தீ பிடிக்க உதவும். அடுக்குகள் பிரியாமல் இருப்பதால் மெதுவாக எரியும், சூடு குறைவு, சுவை கனமாக, ஒரே சீராக வரும். நன்றாக அமைந்த நாளில் இதற்கு ஈடு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு கிண்ணம் ஓடும்.

பழைய ஃபிளேக் என்றாலே இதுதான் என்று பல அனுபவசாலிகள் அடித்துச் சொல்வார்கள். நான் மாறுபடுவது இங்கேதான். மடித்த ஃபிளேக்கின் உள்பகுதி வெளியே தெரிவதைவிட எப்போதும் ஈரமாக இருக்கும். அதனால் நடுவில் அணையும். அணைந்தால் மறுபடி பற்ற வைக்க வேண்டும், ஒவ்வொரு முறை பற்ற வைக்கும்போதும் மேல் அடுக்கு கருகி ஒரு கரிச்சுவை வாயில் ஏறும். காரமான புது ஃபிளேக்கில் அது பெரிதாகத் தெரியாது. பழைய வர்ஜீனியாவில் நாம் தேடும் சுவைகள் மென்மையானவை, ஏழெட்டு முறை பற்ற வைத்த கிண்ணத்தில் அவற்றில் பாதி அந்தக் கரிக்குள் போய்விடும். மெதுவாக எரிவது நல்லதுதான், ஆனால் அணையாமல் மெதுவாக எரிந்தால்தான். மடிப்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற எந்த முறையைவிடவும் அதிகமாக உலர்த்திவிட்டு மடியுங்கள். இன்னொன்று, அழுத்திக் கட்டிய இலை சூடு பட்டதும் உப்பும். கிண்ணத்தின் வாய்வரை இறுக்கித் திணித்தால் பாதியில் அடைத்துக்கொள்ளும். பற்ற வைக்குமுன் வெறுமனே இழுத்துப் பார்த்தால் இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது இருக்கும் அளவுக்குத்தான் தடை இருக்கவேண்டும்.

முழுதாக உதிர்ப்பது இதற்கு நேர் எதிர். பட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து வட்டமாகத் தேய்த்தால் இழையிழையாகப் பிரிந்துவிடும். சுலபமாகப் பற்றும், சீராக எரியும், சுவை முதல் இழுப்பிலேயே விரிந்து வரும். புதிதாக ஃபிளேக்குக்கு வருபவர்கள் இங்கே தொடங்குவது நியாயம். தயாரிப்பவர்களே இப்படி உதிர்த்தும் விற்கிறார்கள். மேக் பேரன் செய்த கேப்ஸ்டன் நீல டப்பா ஃபிளேக்காகவும் உதிர்த்ததாகவும் இரண்டு விதமாக வந்தது. இரண்டையும் அருகருகே புகைத்துப் பார்த்தால், வெட்டும் பக்குவமும் ஒரு புகையிலையை எவ்வளவு மாற்றும் என்பது தெரியும். உதிர்த்தது பிரகாசமாகவும் சற்றுக் காரமாகவும் வரும், ஃபிளேக் வட்டமாகவும் அடங்கியும் வரும்.

வயதான ஃபிளேக்கை முழுதாக உதிர்ப்பதில் எனக்கு உள்ள தயக்கம் இரண்டு. பரப்பு அதிகமாவதால் வாசனை சீக்கிரம் பறக்கும், உதிர்த்துவிட்டு அரை மணி காய வைத்தால் அந்த அரை மணியிலேயே நல்லது கொஞ்சம் காற்றோடு போகும். அதோடு மெல்லிய இழைகள் வேகமாக எரிவதால், பழக்கத்தில் நாம் இழுக்கும் வேகம் சற்றுக் கூடினாலே சூடேறிவிடும். ஆனால் ஒரு இடத்தில் இதுவே ஒரே வழி. மூடியின் இறுக்கம் விட்டுப்போய், உள்ளே காய்ந்து, தொட்டால் உடையும் ஃபிளேக்கை மடிக்கவும் முடியாது, நறுக்கவும் முடியாது. சதுரமான, நீள்சதுரமான டப்பாக்களின் மூடி வட்ட டப்பாக்களைவிட எளிதில் காற்று புகவிடும் என்பதால் இந்த நிலை அடிக்கடி வருவதுதான். அப்படியான புகையிலைக்கு முதலில் கொஞ்சம் ஈரம் ஏற்ற வேண்டும். அதை ஒரு பாத்திரத்தில் போட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டி, துணி புகையிலையில் படாமல் சில மணி நேரம் விடுங்கள். அடிக்கடி பாருங்கள், அதிக ஈரம் ஏறினால் பூசணம் வரும். போன வாசனை முழுதாகத் திரும்பாது. ஆனாலும் நல்ல இலையாக இருந்தால் புகைக்கத் தகுந்ததாகவே இருக்கும்.

நறுக்குவது என்பது பட்டைகளை அடுக்கிக் கத்தரிக்கோலால் மூன்று நான்கு மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டுவது. கிண்ணத்தில் கொட்டி, பக்கவாட்டில் தட்டினால் தானாக அமரும், அழுத்தவே தேவையில்லை. மிக மெதுவாக எரியும். அகன்ற கிண்ணத்துக்கும், மேக் பேரன் ஓல்ட் டார்க் ஃபயர்டு போன்ற காரசாரமான, பர்லி, கென்டக்கி என்ற இலை வகைகள் சேர்ந்த ஃபிளேக்குக்கும் இது நன்றாகப் பொருந்தும். பழைய வர்ஜீனியா மட்டும் என்றால் எனக்குத் திருப்தி இல்லை. பிசுபிசுப்பில் கத்தரிக்கோல் ஒட்டும், கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் கட்டியாகும், பற்ற வைப்பது பெரும்பாடு. ஸ்டோன்ஹேவன் போன்ற ஈரப் பட்டையை நறுக்குவதாக இருந்தால் முதல் நாளே உலரவிட்டு மறுநாள் நறுக்குங்கள்.

நான் பழைய ஃபிளேக்குக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது நடுவழிதான். முழுப் பட்டையை உதிர்க்காமல் தாளில் உலரவிட்டு, பதம் வந்ததும் விரல் நுனியால் பிய்த்துச் சிறு துண்டுகளாக்குவது. தேய்ப்பதில்லை. பெரிய துண்டுகள் அடியில், சிறியவை நடுவில், கையில் தானாக உதிர்ந்த தூள் மேலே. தூள் உடனே பற்றும், அந்தக் கங்கு கீழே இருக்கும் துண்டுகளை மெதுவாகப் பிடித்துக்கொண்டே இறங்கும். மடித்ததைப் போல நடுவில் ஈரம் ஒளிந்திருக்காது, உதிர்த்ததைப் போல ஓடிப்போகவும் செய்யாது. வயதான ஃபிளேக் தானாகவே அடுக்கு பிரிய ஆரம்பித்திருக்கும் என்பதால் இது கைக்கும் எளிது. முதலில் உலர்த்தி அப்புறம் பிய்ப்பதா, பிய்த்துவிட்டு உலர்த்துவதா என்று கேட்பார்கள். பிய்த்துவிட்டு உலர்த்தினால் வேகமாகக் காயும், ஆனால் சிறியது நொறுங்கும்போது பெரியது ஈரமாக இருக்கும். பட்டையாக உலர்த்திவிட்டுப் பிய்த்தால் வாசனையும் தங்கும். அவசரம் இல்லாத நாளில் பட்டையாக உலர்த்துவதுதான்.

கிண்ணத்தில் போட்டபின் முதல் தீயை மேல் முழுவதும் வட்டமாகக் காட்டி, புகையிலை எழும்பியதும் டேம்பர் என்ற அமர்த்தும் குச்சியால் மிக லேசாக அமர்த்தி, இரண்டாவது தீயில் முழுதாகப் பற்ற வையுங்கள். பிய்த்த ஃபிளேக்குக்கு இதுவே போதும். மடித்ததற்கு மூன்றாவது தீயும் தேவைப்படும், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். அப்புறம் எந்த முறையானாலும் புகை மெல்லிய நூலாக வந்தால் போதும். இழுப்பைவிட மூச்சோடு சேர்ந்த மெல்லிய ஓட்டம்தான் பழைய வர்ஜீனியாவுக்கு உகந்தது.

பைப்பைப் பற்றிச் சுருக்கமாக. உட்குழி குறுகலாக 18, 19 மில்லிமீட்டர் அகலமும் நல்ல ஆழமும் உள்ள கிண்ணம் வர்ஜீனியா ஃபிளேக்குக்கு ஏற்றது, மடிப்பதற்கும் அதுதான் வசதி. லடாக்கியாவோ வாசனை சேர்த்த கலவையோ புகைத்துப் பழகிய பிரையர் மரப் பைப்பில் பழைய ஃபிளேக்கைப் போடாதீர்கள், பழைய வாடை இதன் மேல் ஏறும். வர்ஜீனியாவுக்கென்று தனிப் பைப் இல்லையென்றால் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்தில் செய்த பைப் நல்லது, அது வாடையைப் பிடித்து வைக்காது. அதுவும் இல்லாவிட்டால், 1869 முதல் அமெரிக்காவின் மிசௌரியில் மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டில் செய்துவரும் பைப்பில் புதிதாக ஒன்று வாங்கி இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். விலையும் குறைவு.

ஆகவே டப்பாவைத் திறந்ததும் முடிவு இப்படி வரும். பட்டை ஈரமாக, முழுதாக, வர்ஜீனியாவாக இருந்தால் பட்டையாகவே உலர்த்திப் பிய்த்துப் புகையுங்கள். அந்தப் புகையிலையின் சுவை பிடிபட்டதும், குறுகலான பைப் இருந்தால், இன்னும் சற்று உலர்த்தி மடித்துப் பாருங்கள், சில ஃபிளேக்குகள் அங்கேதான் முழுதாகத் திறக்கும். கென்டக்கி கலந்த காரமான தடித்த பட்டை என்றால் நறுக்கலாம், ஆனால் சாப்பிட்ட பிறகு மட்டும். அதன் நிக்கோட்டின் வெறும் வயிற்றில் தலைசுற்ற வைக்கும். காய்ந்து உடைந்தது என்றால் கொஞ்சம் ஈரம் ஏற்றி உதிர்த்துக்கொள்ளுங்கள்.

மீதியை டப்பாவிலேயே விடாதீர்கள். திறந்த டப்பாவின் மூடி பழைய இறுக்கத்தோடு மூடாது. ரப்பர் வளையம் உள்ள சின்னக் கண்ணாடி ஜாடிகளில், ஒவ்வொன்றிலும் நான்கைந்து கிண்ணத்துக்கான பட்டைகளை மட்டும் போட்டு, இடைவெளி அதிகம் இல்லாமல் நிரப்பி, இருட்டான அலமாரியில் வையுங்கள். பெரிய ஜாடியில் மொத்தத்தையும் போட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எல்லாமே புதுக்காற்றைக் குடிக்கும். ஒரு ஜாடியைத் திறந்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். உலர்த்துவதும் அன்றன்றைக்குப் புகைப்பதை மட்டும்தான், மற்றவை டப்பாவில் இருந்த ஈரத்திலேயே இருக்கட்டும்.